வருஷத்துக்குப் பத்து இடம்

குடும்ப நிதித் திட்டமிடலில் முதுகலைப் பட்டம். இரண்டு கல்லூரிகள் சேர்ந்து இணையவழியில் நடத்தப்போகும் படிப்புக்குச் சிவகாசியில் தொடக்க விழா. பட்டாசு கம்பெனி முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தொழிலாளர் பிள்ளைகளுக்கு வருஷம் பத்து இடம். அஞ்சு வருஷத்துக்கு முழுச் செலவும் என்னோடது!"

மகளாவது கரிமருந்து படாமல் பிழைக்கட்டும் என்று, அவளுடைய பி.காம். சான்றிதழோடு மேடையேறினாள் மாரிசெல்வி. மேனேஜர் மறித்தார்.

"உம் மகளுக்குக் கிடையாதும்மா."

"ஏன் சார்? இருபது வருஷமா நானும் எம் புருஷனும் இங்கனதான மருந்து அடைக்கோம்?"

"ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீக? இது, இனிமே நம்ம கம்பெனி வெடிவிபத்துல சாகுறவுக பிள்ளைகளுக்கு மட்டுந்தான்."

மாரிசெல்வி மைக்கைப் பிடுங்கினாள்.

"மொதலாளி, சாகப்போற அம்பது பேரு யாருன்னு இப்பவே சொல்லிருங்க. நாங்களும் குடும்பத்துக்குத் திட்டம் போடணும்ல?"