கூறப்படும் இளஞ்சிவப்பு

ஆய்வக ஜன்னலின் வெயில், கரைசலைச் சொட்டாக விடும் பியூரெட்டின் கண்ணாடியில் பட்டு அவள் கண்ணைக் குத்துகிறது. அறிவியலையும் சட்டத்தையும் ஒரே பட்டமாகப் படிக்கிறவளுக்கு மூன்று மணிக்கு எதிர்க்கட்டடத்தில் சட்ட வகுப்பு. மணி இப்போதே இரண்டே முக்கால். வேதியியல் ஆசிரியை அவள் நோட்டில் சிவப்புப் பேனாவை ஊன்றி நிற்கிறார். "'கரைசல் இளஞ்சிவப்பாக மாறியதாகக் கூறப்படுகிறது.' யாரும்மா கூறினது? நீதானே பார்த்த?" "நான்தான் மேடம்." "அப்போ மாறிச்சுன்னு எழுது. இன்னொரு தடவை செஞ்சு, இளஞ்சிவப்பு தெரிஞ்ச உடனே நிறுத்திக் காட்டிட்டுக் கிளம்பு." பக்கத்து ஸ்டூலில், காலையில் சட்டப் பேராசிரியர் திருப்பித் தந்த கட்டுரை கிடக்கிறது. 'இவர் குற்றவாளியே, ஐந்து சதவீதப் பிழைக்கு உட்பட்டு' என்று அவள் எழுதிய வரியைச் சுற்றி அதே சிவப்பு. ஓரத்தில், 'தூக்கில் போடுவதா, தொண்ணூற்றைந்து சதவீதம் போடுவதா?' அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பியூரெட்டின் குழாயைத் திருகுகிறாள். ஒரு கை குடுவையைச் சுழற்றுகிறது, கண் கடிகாரத்துக்கும் குடுவைக்குமாக அலைகிறது. சொட்டுச் சொட்டாக விழுகிறது, நிறமே இல்லை, ஒன்றுமே இல்லை. கடிகாரத்திலிருந்து கண்ணைத் திருப்புவதற்குள் குடுவை பீட்ரூட் சாறாகிவிட்டது. மூன்று மணி அடிக்கிறது. "என்னம்மா, அதிகமா விட்டுட்டியா?" அவள் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். "அப்படித்தான் கூறப்படுது, மேடம்."