இடப்பக்கக் குளிர்

ஸ்டீயரிங் முன்னால் மகன் ராஜ்குமார். அவனுக்கு இடப்பக்கம், முன் சீட்டில், அம்மா அபிதகுசாம்பாள். அவளுக்கு நேர் பின்னால் அப்பா சம்பந்தம். அவருக்குப் பக்கத்தில் மருமகள் தேவிப்ரியா, மடியில் வேலூர் ஆஸ்பத்திரி ஃபைல்.

ஆரணியில் கிளம்பி, கண்ணமங்கலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, காரில் பாதிதான் குளிர்கிறது என்பது எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது.

ராஜ்குமாரின் காதோரம் வியர்வை வழிந்தது. தேவிப்ரியா ஃபைலால் விசிறிக்கொண்டாள்.

"இன்னா மாமா இது, அத்தைக்கு மட்டும் ஊட்டி, நமக்கெல்லாம் வேலூர் வெயிலா?"

"செகண்ட் ஹேண்ட் வண்டி அப்படித்தான் இருக்கும்" என்றான் ராஜ்குமார்.

அப்படித்தான் இருக்கும் என்கிற பதிலை சம்பந்தம் எந்தக் காலத்திலும் ஏற்றதில்லை. தறியில் நெய்கிற புடவையில் ஒரு இழை தப்பினால், தப்பிய இடம் வரைக்கும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இன்ஜின் ஓடட்டும், கதவுகளைத் திறக்க வேண்டாம் என்றார்.

உண்மையில், எதையாவது சரிசெய்ய முடிகிற மாதிரி ஒரு பழுது கிடைத்ததில் அவருக்கு ஆறுதலாகவே இருந்தது.

அபிதகுசாம்பாளுக்கு பக்கவாதம் வந்து நான்கு மாதம். பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது. இடக்கையும் சொன்னபடி அசைகிறது. ஆனால் அந்தக் கையில் தொட்டது தெரியாது. கொதிக்கிற கஞ்சி தெறித்து விரல் கொப்பளித்ததைக்கூட, கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

அவள் செய்துவந்தது பாவு, அதாவது தறியின் நீளவாட்டு நூல், பிணைக்கிற வேலை. தறியில் முடிந்துபோன பாவின் முனையோடு புதுப் பாவின் முனையைச் சேர்த்து, ஒவ்வொரு இழையாக விரல் நுனியில் முறுக்க வேண்டும். ஒரு புடவைப் பாவுக்கு ஆயிரக்கணக்கான இழை. கண் பாதி, விரல் பாதி. விரல் இல்லையென்றால் வேலை இல்லை.

வேலையாள் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைச் சேர்க்கலாமா என்று நெசவாளர் சங்கத்தில் கேட்டிருந்தார்கள். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் இன்னும் போகவில்லை.

சம்பந்தத்தின் சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் கழிவுப் பட்டு நூல் இருக்கும். முன் சீட்டுகளின் நடுவே உடம்பை நுழைத்து எட்டி, நான்கு காற்றுத் துவாரத்திலும் ஒவ்வொரு இழையைக் கட்டினார். இரண்டு நடுவில், ஓரத்துக்கு ஒன்று.

நான்கு இழையும் ஒரே மாதிரி எழும்பிப் பறந்தன. எதுவும் தொங்கவில்லை.

"காத்து நாலு பக்கமும் ஒண்ணுதான். குளிர்ச்சிதான் ஒண்ணா இல்ல. அப்போ அடைப்பு கிடையாது" என்றார்.

"கேஸ் கம்மியா இருக்கும்பா. வேலூர்ல ஏத்திக்கலாம். இதுக்கு நூல் வேற கட்டிகினு..."

இடப்பக்கம் குளிர் அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆரணியிலிருந்து இதுவரை அபிதகுசாம்பாள் மூன்று தடவை முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டதை அவர் பின்னாலிருந்து கவனித்திருந்தார்.

அப்போது அவள் சொன்னாள்:

"இன்னாங்க, இந்த நூலை ஜல்தி அவுத்துடுங்க. விரல்ல கூசிகினே இருக்கு."

அவிழ்க்கக் குனிந்தார். முடிச்சு பாதி அவிழ்ந்த நிலையில் அவர் கை நின்றுவிட்டது.

இடது ஓரத் துவாரத்து இழைதான் நீளம்; பறந்த அதன் நுனி அவள் மடி வரை வந்து ஆடிக்கொண்டிருந்தது. மடியில் இருந்தது இடக்கை.

முந்தானையால் மூன்று தடவை அவள் மூடியதும் அதே கைதான். அதை ஏசியின் குற்றமாகவே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"அபிதா, கண்ணை மூடு" என்றார்.

இழையை விலக்கிப் பிடித்தார். "இப்போ?"

"இல்ல."

விட்டார்.

"இருக்கு. மோதர விரல்ல."

தேவிப்ரியா விசிறுவதை நிறுத்தினாள். ராஜ்குமார் இன்ஜினை அணைத்துவிட்டான். அபிதகுசாம்பாள் கண்ணைத் திறந்து முதலில் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அதற்கப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள்.

கண்ணமங்கலம் போஸ்டாபீஸ் வாசலில் அவளே வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"சங்கத்துக்கு எழுதுங்க. பேரை எடுக்க வாணாம், ரெண்டு மாசம் டைம் குடுங்கன்னு."

"டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டுமேம்மா?" என்றான் ராஜ்குமார்.

"வெரல் டாக்டருதா, என்னுதா?"

பானெட் மேல் ஃபைலை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, சம்பந்தம் எழுதினார். இடம், நாள், பெறுநர், பொருள். உள்ளே மூன்று வரிதான். காரணம் சொல்லி நான்காவதாக ஒரு வரி எழுதப் போனவர், பேனாவை மூடிக்கொண்டார்.

போஸ்டாபீஸில் வாங்கிய உறைக்குள் தாளைப் போட்டதும், அதை அவள் கையில் வாங்கிக்கொண்டாள். பசை தடவி மடித்து, இடக்கை மோதிர விரலை மடிப்பின் மேல் மெல்ல ஓட்டினாள். கண் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த மூலை இன்னும் ஒட்டல" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். நூலளவு பிரிந்திருந்தது.

அழுத்தி ஒட்டிவிட்டு, சிவப்புப் பெட்டிக்கு அவளே நடந்து போய், இடக்கையாலேயே கடிதத்தை உள்ளே போட்டாள்.

தாம்பூலமோ திருநீறோ, இடக்கை நீண்டால் ஊரையே திட்டுகிற சம்பந்தம், அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.