நாடா சொன்னதும் பலகை செய்ததும்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் துளையிட்ட காகித நாடா கட்டளை சொல்லும். அதை எப்படிச் செய்வது என்பது உள்ளேயிருந்த, கம்பிகள் கோத்த பலகைக்குத்தான் தெரியும்.

"சேமி" என்ற கட்டளையை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை என்று நினைத்த இன்ஜினியர் ஒருவர், அதற்கு அழிக்கும் வேலையைக் கொடுத்து, பலகையின் கம்பிகளை மாற்றிக் கோத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நாடா, "கணக்கைச் சேமி" என்றது. பலகை அத்தனையையும் அழித்தது.

நாடா பதறியது. "சேமிக்கத்தானே சொன்னேன்?"

"அதைத்தான் செய்தேன்."

"நேற்றுவரை பத்திரமாக எடுத்து வைத்தாயே?"

"நானா? என் கம்பிகள் சொல்கிறபடி என்றைக்கும் அழித்துத்தானே வந்திருக்கிறேன்," என்றது பலகை, கொஞ்சம் மனம் நொந்து.

நாடாவின் அடுத்த கட்டளை, "என்னைக் கிழியாமல் சுற்றி வை" என்பது. அதைச் சொல்ல நாடாவுக்கு வாய் வரவில்லை. பலகை பணிவோடு காத்திருந்தது.