களைகளில் முதல் ரேங்க்

"என் தோட்டத்துக் கொடிக்கு முதல் ரேங்க் குடுக்கலைன்னா இந்த ஹாலை விட்டு நகர மாட்டேன் மேடம்."

அந்தமானில், ரங்கத் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து ஹால். கண்ணையா எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன்கூட ஒரு சுற்று தயங்கியதாகச் சொல்கிறார்கள்.

மேடம் என்பது வைஜெயந்தி, போர்ட் பிளேயரிலிருந்து வந்திருந்த அதிகாரி. எங்கிருந்தோ தீவுக்குள் வந்து, இந்த மண்ணின் மரம் செடிகளை அமுக்கிவிட்டுப் படரும் களைகளில் எது மகா கெட்டது என்று மார்க் போட்டு வரிசைப்படுத்துவது அவர் வேலை. ஊர்க்காரர்கள் சொல்வதற்கும் மார்க் உண்டு. "முதல் ரேங்க் செடி எந்தத் தோட்டத்துல அதிகமா இருக்கோ, அங்க எங்க ஆளுங்க நேரா வருவாங்க" என்று அவர் வாயெடுத்ததுதான் தாமதம், கண்ணையா எழுந்துவிட்டார்.

அவர் அவசரம் அவருக்கு. வெள்ளைப்பூக் கொடி ஒன்று அவருடைய பாக்குத் தோட்டத்தை மென்று விழுங்கிவிட்டுச் சமையலறை ஜன்னலில் வந்து நின்றது. வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுத் தனிக்குடித்தனம் நடத்தியது. "அது உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன். போர்ட் பிளேயர் பக்கத்துல, பாம்பூஃப்ளாட்ல எங்க அண்ணன் வீடு இருக்கு" என்று சொல்லி, மனைவி கமலாட்சி பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார்.

"எவ்வளவு வேகமாப் பரவுது?" வைஜெயந்தி கேட்டார்.

"ஸ்கூட்டரை மரத்தடியில நிறுத்திட்டு சாயா குடிக்கப் போனேன் மேடம். திரும்பி வந்தா ஸ்கூட்டர் காயப், இருந்த இடமே தெரியல. கண்ணாடி மட்டும் வெளிய எட்டிப் பாக்குது."

"கால்நடைக்குப் பாதிப்பு?"

"மாடு படுத்துத் தூங்கிச்சு. எழுந்திரிக்கும்போது புதராத்தான் எழுந்திரிச்சுது. பால் கறக்கப் போன இவ, எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு தெரியாம வெறும் செம்போட திரும்பிட்டா."

"ரெண்டு தடவை" என்றார் பக்கத்தில் இருந்த கமலாட்சி.

வைஜெயந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "இது வெளியிலேர்ந்து வந்த செடிதான்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"அதுகிட்ட தீவுக்காரன்னு காட்டற ஐலண்டர் கார்டு இருக்கான்னு கேளுங்க மேடம். எங்க தாத்தா ஜெயில் காலத்துல கப்பல்ல வந்தவரு. அந்தக் கார்டு வாங்கறதுக்கு நாங்களே எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினோம் தெரியுமா?"

"அப்ப உங்க தாத்தாவும் வெளியிலேர்ந்து வந்தவர்தானே?"

"வந்தவர்தான். ஆனா அவரு அடுத்தவன் கூரை மேல ஏறல."

ஹால் குலுங்கியது. அடுத்ததாகப் பக்கத்துத் தோட்டத்துச் சண்முகம் எழுந்தார். அவர் நிலம் முழுக்க உண்ணிச்செடி. ஒரு காலத்தில் அங்கே வாழை இருந்தது என்பதற்குச் சண்முகத்தின் வாய்வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"என்னோடதும் கெட்ட செடிதான் மேடம். உடம்பு முழுக்க முள்ளு. மாடு தின்னா மாட்டுக்கு ஆகாது. ஆனா கண்ணையா அண்ணன் கொடிக்கு முன்னாடி அது கால் தூசி. எனக்கு ரெண்டாவது ரேங்க் போதும்."

"க்யா பாய், ரெண்டாவதுக்குப் போட்டி போடற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள்.

கண்ணையாவுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. "நல்லாச் சொல்லு சண்முகம், வெக்கப்படாத. கூட நாலு மார்க் வாங்கு."

"வேணாம்ணே. உங்க கொடி என் வேலியத் தாண்டினப்ப நான் பார்த்தேனே. ஒரு சலாம்கூட வெக்கல." வைஜெயந்தியிடம் திரும்பினார். "மேடம், அண்ணன் சொன்னதெல்லாம் சத்தியம். ஸ்கூட்டரைத் தேடினப்ப நானும் கூட இருந்தேன்."

போட்டியாளரே சாட்சி சொன்ன பிறகு என்ன பேச்சு? கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரே ஒரு மார்க் வித்தியாசத்தில் வெள்ளைப்பூக் கொடி முதலிடம், உண்ணிச்செடி இரண்டாமிடம். கண்ணையா ஹாலைச் சுற்றிக் கும்பிட்டார். பிள்ளை கலெக்டரானால்கூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது. பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம் என்று கமலாட்சியும் முடிவு செய்துவிட்டார்.

"ஆளுங்க அரிவாளோட வருவாங்களா மேடம், மிஷினோடவா?"

"கேமராவோட வருவாங்க" என்றார் வைஜெயந்தி, பையை மூடிக்கொண்டே. "இவ்வளவு வேகமான கொடி எங்களுக்கு வேற எங்கயும் கிடைக்கல. உங்க தோட்டம் இனிமே ஆராய்ச்சித் தோட்டம். அது எது வரைக்கும் போகுதுன்னு பார்த்து முடிக்கற வரைக்கும் யாரும் ஒரு இலையக்கூடக் கிள்ளக் கூடாது. வெட்டற வேலையெல்லாம் ரெண்டாவது ரேங்க்லேர்ந்துதான். சண்முகம் சார், திங்கக்கிழமை உங்க தோட்டத்துக்கு ஆளுங்க வந்துடுவாங்க."

கமலாட்சி, போர்ட் பிளேயர் பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து நாற்காலியில் மெதுவாக விசாரித்தார்.

கண்ணையா சண்முகத்தின் சட்டையைப் பிடித்தார். "டேய், உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"போன வருஷம் மாயாபந்தர் பக்கம் இதே மாதிரி கூட்டம் நடந்துச்சுண்ணே. எங்க மச்சான் முண்டியடிச்சு முதல் ரேங்க் வாங்கிட்டாரு."

"இப்ப அவரு எங்க?"

"தோட்டத்துக்குள்ளதான் எங்கயோ இருக்காரு" என்றார் சண்முகம், சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டே. "சோத்தைப் போட்டுட்டுக் கூப்பிட்டா குரல் மட்டும் வருது."