மஞ்சள் காருக்குப் பின்னால்

"பாரு அக்கா, இன்னிக்கும் அவ பின்னாடிதான் போறான்!"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முன்னால் கையைக் காட்டினாள் லினெட்.

நெடுஞ்சாலையின் இடது வரிசையில், தூரத்தில் ஒரு சின்ன மஞ்சள் கார். நல்ல இடைவெளி விட்டு அதன் பின்னால் ஒரு நீலக் கார். அதை ஓட்டுவது லினெட்டின் கணவன் பெவன்.

"மீன் பிடிக்கப் போறேன்னுதானே சொன்னான்?" என்றாள் அக்கா க்வென்.

"புதன்கிழமை ஆனா அதே கதைதான். தூண்டிலைத் தூக்கிக்கிட்டுப் போவான், வெறுங்கையோட வருவான். கெம்ப்ஸி ஊர்ப் பேக்கரிக்காரி பார்த்துச் சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரியும்."

"மஞ்ச கார்ல யாருடி?"

"ரோவெனா. ஸ்கூல் பஸ் ஓட்டுறவ. இவன் மெக்கானிக்கா இருக்கிற அதே டிப்போதான். செம்பட்டை முடி. என்னைவிடப் பத்து வயசு சின்னவ."

"ஆறு வயசுதான் இருக்கும்."

"இப்ப அந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்!"

லினெட் வழக்கமாக ஓட்டும் காரை இன்று எடுக்கவில்லை. அதைப் பெவன் கண்ணாடியில் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவான். பின்பக்கம் அவள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வேறு ஊருக்கே தெரியும்: 'இதைப் படிக்க முடிகிறதா? அப்படியென்றால் தள்ளிப் போ!' சாலையில் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. எவனாவது அப்படி வந்துவிட்டால், அன்று ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரை பெவன் அவளுடைய புலம்பலைக் கேட்டாகவேண்டும்.

இது அக்கா முந்தாநாள் வாங்கிய கறுப்பு யூட், பின்னால் திறந்த சரக்குத் தட்டு வைத்த வண்டி. பெவன் இன்னும் பார்க்கவில்லை. போதாததற்கு லினெட் கூலிங்கிளாசும் தொப்பியும் போட்டிருந்தாள்.

"நூத்திப் பத்துல போற ரோட்டுல தொண்ணூறு! எனக்காக என்னிக்காவது இவ்வளவு பதவிசா ஓட்டியிருக்கானா?"

"சரி, பார்த்தாச்சில்ல. வீட்டுக்குப் போலாம்."

"அவ மூஞ்சியை நான் பார்க்கணும்."

லினெட் வலது வரிசைக்கு மாறினாள். பெவனைத் தாண்டினாள். அவனுக்கும் மஞ்சள் காருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் சடாரென்று வண்டியை நுழைத்தாள்.

"அடியேய்! என் புது வண்டிடி!"

யூட் நெருங்கியது. இன்னும் நெருங்கியது. மஞ்சள் காரின் நம்பர் பலகை யூட்டின் மூக்குக்குக் கீழே மறைந்துபோனது.

"லினெட், இதுக்குப் பேரு என்ன தெரியுமா? எவனாவது இப்படி உன் பின்னாடி வந்தா என்ன பேச்சுப் பேசுவே?"

"அவனுங்க வேற, இது வேற. நான் ஒண்ணும் ஒட்டிக்கிட்டுப் போகலை. பார்க்கிறேன், அவ்வளவுதான்."

பார்த்தாள். முன்காரின் சின்னக் கண்ணாடியில் இரண்டு கண்கள், அகல விரிந்து.

"திருட்டு முழி முழிக்கிறா பாரு!"

மறுகணம் மஞ்சள் கார் தடுமாறி, சாலையோரச் சரளையில் இறங்கி, புழுதி கிளப்பி நின்றது. லினெட் நிறுத்தாமல் கடந்து போனாள். பின்னால் பெவனும் காரை ஓரங்கட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடினான். மஞ்சள் காருக்குள் குனிந்து ரோவெனாவின் தோள்களைப் பிடித்துக்கொண்டான்.

"போதும் அக்கா. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?"

பெவன் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் அவனுடைய பெட்டி தயாராக இருந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சமையலறை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"மீன் சிக்குச்சா?" என்றாள் லினெட்.

"நான் மீன் பிடிக்கப் போகலை, லின். பொய் சொன்னேன்."

"தெரியும்."

"ரோவெனாதான் யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டா. இனிமே சொன்னா என்ன, எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே."

லினெட் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் ஒரு லாரிக்காரன் ஒட்டிக்கிட்டே வந்து அவ கார்ல மோதினான் இல்ல, அதுக்கப்புறம் ஹைவேன்னாலே அவளுக்குக் கை உதறும். வேற ஏதோ காரணம் சொல்லி லீவுல இருக்கா. பஸ் ஓட்டுறவளுக்கே பயம்னு தெரிஞ்சா எந்தத் தாய் பிள்ளையை ஏத்திவிடுவா? அதான், 'நீ முன்னாடி ஓட்டு. நான் பின்னாடியே வர்றேன். எவனும் உன் பின்னாடி வந்து ஒட்டாம பார்த்துக்கிறேன்'னு சொன்னேன். மெள்ள மெள்ளத் தேறிட்டா. வர்ற திங்கக்கிழமை மறுபடி பஸ் எடுக்கிறதா இருந்தா."

"'இருந்தா'ன்னா?"

"இன்னிக்கு ஒரு கறுப்பு யூட் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல புகுந்து, அவ காரை இடிக்கிற மாதிரியே ஒட்டிக்கிட்டுப் போச்சு. பாவம், காரை விட்டு இறங்கக்கூட அவளால முடியலை. 'இனிமே சாவியைத் தொடமாட்டேன் பெவ்'னு அழுறா."

லினெட் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மட்டும் விடுறதா இல்லை. அடுத்த புதன்கிழமையும் போய்க் கூப்பிடப் போறேன்" என்ற பெவன், அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"உன் கார்ல ஒட்டியிருக்கியே, தள்ளிப் போன்னு ஒரு ஸ்டிக்கர்... இன்னொண்ணு இருந்தாக் குடேன். அவ கார்ல ஒட்டிவிடுறேன்."