எட்டாத நூல்

“உன் நூலத் தூக்கி அடுப்புல போடு, நர்ஸம்மா!”

துணை சுகாதார நிலையத்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள் கனகம். ஒரு கையில் வெள்ளை நூல். இன்னொரு கைப்பிடியில் ஒன்பதாவது படிக்கிற மகள் இசைவாணி.

நர்ஸ் லூர்தம்மாள் தடுப்பூசிப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“இன்னா கனகம், காலங்காத்தால சாமி வந்துடுச்சா?”

“வராம? பொங்கல் முடிஞ்சி இஸ்கூல்ல புள்ளைங்கள அளந்தியே, ஞாபகம் கீதா?”

“நல்லா கீது. ஆளு உசரத்துக்கு நூலு வெட்டி, அத ரெண்டா மடிச்சி இடுப்பச் சுத்தணும். முனை ரெண்டும் தொட்டா சரி. தொடலைன்னா உடம்பு ஏறிப்போச்சின்னு அர்த்தம். டாக்டரம்மா சொல்லிக் குடுத்தது. வூட்ல காட்டுங்கன்னு அவங்கவங்க நூல அவங்கவங்ககிட்டயே குடுத்தனுப்பினேன்.”

“இவளுக்குத் தொடல! ‘அம்மா, நான் பெயிலும்மா’ன்னு வூட்டுக்கு வந்து ஒரே அழுகை. நானே சுத்திப் பாத்தேன். நாலு விரக்கட காலியா கெடக்குது. எங்கக்காவுக்குச் சக்கரை வந்து கால் விரல எடுத்தாங்களே, அதுதான் கண்ணு முன்னால வந்து நின்னுச்சி. அன்னிக்கிப் புடிச்சி நான் படாத பாடு இல்ல!”

கனகம் கொட்டித் தீர்த்தாள்.

வயசுப்பெண்ணைத் தனியாக ஏரிக்கரைக்கு அனுப்ப முடியுமா? இவளும் விடிகாலையில் கூடவே நடந்தாள். முதல் வாரம் பாதி வழியில் மூச்சு வாங்கி மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வாணிதான் கையைப் பிடித்து எழுப்பினாள்.

புருஷன் கோதண்டம் ஷிப்ட் முடிந்து வரும்போது கேன்டீன் போண்டாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவான். ‘நீ தின்னா எனக்கும் நாக்கு ஊறும்மா’ என்று வாணி மூக்கால் அழுதாள். போண்டா நின்றது. நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீயும் அதோடு போயிற்று.

“அந்த மனுஷன் போண்டாவ இப்ப எதிர்வூட்டுக்குத் தானம் பண்றாரு. இத்தினி செஞ்சும் நேத்து சுத்திப் பாத்தா இன்னும் மூணு விரக்கட எட்டல! நூலு தப்பா, நீ தப்பா? அத்த மட்டும் சொல்லு.”

“தாயே, கத்தாத. நீ இப்டி வா வாணி. நேரா நில்லு.”

நூலின் ஒரு முனையை வாணியின் குதிகாலுக்கு அடியில் மிதிக்கவைத்து, மறுமுனையை மேலே இழுத்தாள் லூர்தம்மாள். உச்சந்தலைக்குப் போக வேண்டிய நூல் தோள்பட்டையோடு நின்றுவிட்டது.

நர்ஸுக்கே திக்கென்றது. “இது இவ உசரத்து நூலே இல்லியே!”

“பாத்தியா!” கனகத்தின் குரல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். “எவளோ குள்ளச்சி நூல எம்பொண்ணு தலையில கட்டிட்டு, மூணு மாசமா எங்க வாயக் கட்டிட்டியே! உன் மேல மனு எழுதிப் போடறனா இல்லியா பாரு!”

லூர்தம்மாள் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தாள். பக்கம் புரட்டி, விரலை வைத்துப் படித்தாள்.

“இசைவாணி, ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு. நூல் தொட்டது. சரியான உடம்பு.” கண்ணாடியைக் கழற்றினாள். “உம்பொண்ணு அன்னிக்கே பாஸு, கனகம்.”

கனகம் மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள். வாணி சுவரில் ஒட்டியிருந்த போலியோ படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, பாஸானவ எதுக்குடி பெயில்னு அழுத?”

“அவள அப்பறம் திட்டு,” என்றாள் லூர்தம்மாள். அவள் பார்வை கனகத்தின் மேலேயே இருந்தது. “உன் ஜாக்கெட்டு இன்னா இப்டி தொளதொளன்னு தொங்குது? யார்கிட்டயாவது எரவல் வாங்கிப் போட்டுகினு வந்தியா?”

“என்துதான். பொங்கலுக்குத் தெச்சது. இப்ப அதுவா முக்கியம்? வாயத் தொறடி!”

வாணி நர்ஸைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அழுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் தாவணி முனையைச் சுருட்டினாள்.

“நூல நான்தாம்மா கத்திரியால வெட்டினேன்... உனக்குன்னு சொன்னா நீ ஒரு நாளும் நடக்க மாட்ட, எனக்குன்னா நடப்ப.”