கமிட்டி படித்த நாவல்

“எழுதுனவன் பேரும் போடல, பக்க நம்பரும் போடல. நாம எதைன்னு தேடுறது?” என்று கடிதத்தை மேசைமேல் போட்டார் தேவநாதன்.

சிதம்பரத்தில் இருக்கும் அந்தத் தனியார் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர். ஹார்டுவேர் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். எதிரே தலைமையாசிரியர் சுப்பிரமணியன். பக்கத்தில் கழக உறுப்பினர் ஆரோக்கியம்மாள், ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டி முடிந்து நேராக வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நூலகர் இளமதி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

கடிதத்தில் நாலே வரி. ‘மூன்றாவது படகு’ என்ற நாவல் தங்கள் பள்ளியில் உள்ளது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும் விஷயம். உடனே நீக்கவும். இப்படிக்கு, பெயர் சொல்ல விரும்பாத பெற்றோர்.

“மொட்டைக் கடுதாசிதான? கிழிச்சுப் போடுங்க சார்” என்றார் ஆரோக்கியம்மாள்.

“அடியில பாருங்கம்மா. நகல், முதன்மைக் கல்வி அலுவலர், கடலூர். அங்கேருந்து போனே வந்துடுச்சு. மூணு பேர் முழுசாப் படிச்சு, பதினஞ்சு நாள்ல எழுத்துல முடிவு சொல்லணுமாம்” என்றார் சுப்பிரமணியன்.

“புத்தகம் எங்க?” என்றார் தேவநாதன்.

“இந்த பீரோவுலதான் சார்” என்றாள் இளமதி. “முன்னாடி இருந்த எச்.எம். சார் ரெண்டு வருஷம் முன்ன பதினோரு புத்தகத்த எடுத்து உள்ள வச்சுப் பூட்டிட்டாரு. இதுல அட்டையில ஒரு ஆணும் பொண்ணும் கைகோத்து நிக்கிறாங்க.”

“பூட்டுறதுக்கு முன்ன யாராவது புகார் சொன்னாங்களா?”

“இல்ல சார். சொல்லிடப் போறாங்கன்னு பூட்டுனாரு.”

சுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தப் பொண்ணும் நாலு தடவ கேட்டுச்சு, தெறங்க சார்னு. படிச்சுப் பாக்காம தெறந்துவுட்டு நாளைக்கு ஏதாவதுன்னா யாரு பதில் சொல்றது? பாக்க எனக்கு நேரமேது?”

தேவநாதன் இளமதி பக்கம் திரும்பினார். “வாங்குனது யாரும்மா?”

“நான்தான் சார்.”

“அப்ப ஒண்ணு சொல்லிடறேன். புத்தகம் மோசமா இருந்துச்சுன்னா, ஏப்ரல்ல ஒன் கான்ட்ராக்ட நீட்டிக்க மாட்டோம். என் பொண்ணும் இங்கதான் ப்ளஸ் ஒன் படிக்கிறா.”

“சரிங்க சார்” என்றாள் இளமதி.

இருந்தது ஒரே பிரதி. ஆளுக்கு நாலு நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

பதினாலாம் நாள் மாலை மூவரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

“லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும்” என்று தேவநாதன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். மேல் அட்டையில் எண்ணெய்க் கறை. “வீட்ல அவ புடுங்கிக்கினா. ரெண்டு நாளா கொழம்புல உப்பே இல்ல.”

“உங்களுக்கு எப்படி சார் இருந்துச்சு?” என்றார் ஆரோக்கியம்மாள்.

“இன்னா சிஸ்டர், அந்தப் பொண்ணு அப்பனையே எதுத்துப் பேசுது. நமக்கு ஆவாதவங்க வீட்டுப் பையனத்தான் கட்டுவேன்னு நிக்குது. இத நம்ம பொண்ணுங்க படிச்சா?”

“எதுத்துப் பேசாம இன்னா பண்ணும்? படிப்ப நிறுத்திட்டு அறுபது ஏக்கர்காரனக் கட்டிக்கன்னா? அந்த எடத்துல நான் அப்பனத்தான் திட்டுனேன்.”

“அது சரி. ஆனா அவ போனப்புறம், அந்த அப்பன் தெனம் படகுத்துறையில வந்து நிக்கிறான் பாருங்க…” தேவநாதன் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். “அத எம்பொண்ணு படிக்கணும். அப்பன் மனசும் கொஞ்சம் தெரியணும்ல.”

“அப்ப மொத பாதியும் சேத்துத்தான் படிக்கணும். கிழிச்சா குடுக்க முடியும்?”

“நான் எப்ப கிழிக்கச் சொன்னேன்?”

சுப்பிரமணியன் குறுக்கிட்டார். “நான் கணக்கு வாத்தியார். காலேஜுக்கப்புறம் முழுசாப் படிச்ச கதை இதுதான். கெட்டது எங்கன்னு தேடிக்கினே போனேன். போவப் போவ, தேடணும்கிறதே மறந்துபோச்சு.”

தேவநாதனே பேனாவைக் கேட்டு வாங்கினார். ‘புகாரில் கூறியபடி எதுவும் இல்லை. மேல்நிலை மாணவ மாணவியர் படிக்கலாம்.’ மூன்று கையெழுத்து விழுந்தது.

இளமதி புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“பயந்துட்டியாம்மா? நீ ஒண்ணும் தப்பு பண்ணல” என்றார் தேவநாதன். “எவனோ வேல வெட்டி இல்லாதவன் எழுதிப் போட்டான்.”

“சார், மிச்சம் பத்துப் புத்தகம்?”

“அது மேல புகார் எதுவும் வரலியேம்மா” என்று சொல்லி, சுப்பிரமணியன் பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். “வந்தா அப்பப் படிச்சுப் பாப்போம்.”

அண்ணாமலை நகரில் தன் அறைக்கு வந்ததும் இளமதி முகம் கழுவி, காபி கலந்துகொண்டு, லேப்டாப்பைத் திறந்தாள். போன மாதம் அடித்த கடிதம் அதில் அப்படியே இருந்தது. புத்தகத்தின் பெயரை மட்டும் மாற்றினாள்.